பீரியட் டிராமாவில் பெண்கள், வர்க்கம், துயரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துப் பீரியட் டிராமா, அதாவது பழைய காலத்தில் நடக்கிற மாதிரி எடுத்த படங்களும் தொடர்களும், பார்க்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். காலம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டும் 20-இன் முதல் கால்பகுதியும். ஒரு பிரபு குடும்பத்தையும் அவர்கள் மாளிகை வேலைக்காரர்களையும் பற்றிய 'டௌன்டன் ஆபி' தொடரும் தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' நாவலும் அடிக்கடி வரும். இரண்டிலும் கடைசியில் என்ன நடக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் யோசித்துக்கொண்டு மேலே படிக்கவும்.

இந்தக் கதைகளில் பெண்களுக்கு ஏன் இவ்வளவு துயரம்? எல்லாம் விதி என்றுதானே காட்டுகிறார்கள்?

விதி என்று பாத்திரங்கள் சொல்லும். கவனித்துப் பார்த்தால் அநேகமாக ஒவ்வொரு துயரத்துக்கும் அடியில் ஒரு காகிதம் இருக்கும். ஓர் உயில், ஒரு குத்தகைப் பத்திரம், எசமானி எழுதித் தர மறுத்த ஒரு நன்னடத்தைச் சான்று, பாராளுமன்றம் போட்ட ஒரு சட்டம். காதல் தோற்றதால் மட்டும் இந்தக் கதாநாயகிகள் அழியவில்லை. காதல் தோற்ற பிறகு ஒதுங்க ஒரு வீடு, கையில் ஒரு காசு, பேர் சொல்ல ஓர் ஆள் இல்லாததால் அழிந்தார்கள்.

வர்க்கம் நுழைவது இங்கேதான். சட்டம் எல்லாப் பெண்களையும்தான் கட்டியது. ஆனால் வசதியான குடும்பம் வக்கீலைப் பிடித்து அந்தக் கட்டைத் தளர்த்திக்கொள்ளும், இல்லாவிட்டால் விஷயத்தை ஊருக்குத் தெரியாமல் அமுக்கிவிடும். கூலிக்காரன் மகளுக்கு இரண்டு வழியும் இல்லை. யார் அழுகிறாள் என்பதோடு நிறுத்தாமல், அந்த அழுகைக்கான செலவு யார் தலையில் விழுகிறது என்றும் பாருங்கள். கதை வேறு மாதிரி தெரியும்.

பிரபுவுக்குக் குத்துக்கல் மாதிரி மூன்று பெண்கள் இருக்க, டௌன்டன் மாளிகை முகம் தெரியாத உறவுக்காரனுக்கு ஏன் போகிறது?

பெரிய நிலச் சொத்துகளை ஆண் வாரிசு வழியாகவே போகும்படி பத்திரத்தில் கட்டிவைப்பார்கள். இப்போது அனுபவிக்கிறவர் விற்க முடியாது, பெண்களுக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. மகனுக்கு 21 வயது ஆனதும் அப்பாவும் மகனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் கட்டை அவிழ்க்கலாம். ஆனால் வழக்கமாக நடந்தது வேறு. மகனுக்கு மாதாமாதம் செலவுக்குப் பணம் என்று ஆசை காட்டி, அடுத்த தலைமுறைக்கும் அதே கட்டைப் போட்டுவிடுவார்கள். தலைமுறைக்கு ஒருமுறை இப்படிக் கையெழுத்துப் போட்டுப் போட்டே நூற்றாண்டுகளாகச் சொத்து சிதறாமல் நின்றது.

டௌன்டனில் 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கும்போது வாரிசுகள் இரண்டு பேரும் போய்விடுகிறார்கள். அடுத்த வாரிசு மான்செஸ்டரில் வக்கீலாக இருக்கும் மேத்யூ. இதில் இன்னொரு கொடுமை, அந்த மாளிகையைக் காப்பாற்றியதே அம்மா கோராவின் அமெரிக்கப் பணம். அந்தப் பணமும் சொத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டுவிட்டது, பெற்ற மகளுக்கே திரும்பி வராது.

உயில் இல்லாமல் இறந்தவரின் நிலம் மூத்த ஆணுக்கே என்ற விதி 1925 சட்டங்களோடு போய்விட்டது. பட்டங்கள் மட்டும் பெரும்பாலும் இன்றைக்கும் ஆண் வழிதான்.

கல்யாணம் ஆனதும் பெண்ணின் பணம் என்ன ஆகும்?

இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி கணவனும் மனைவியும் ஒரே ஆள், அந்த ஆள் கணவன். அவள் கையிலிருந்த ரொக்கம், நகை, உழைத்து வாங்கும் கூலி எல்லாம் அவனுக்குச் சொந்தம். அவள் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, வழக்குப் போட முடியாது.

பணக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே மகளின் சொத்தை அறங்காவலர்கள் கையில் ஒப்படைத்துப் பத்திரம் எழுதிவிட்டால் மாப்பிள்ளை தொட முடியாது. இப்படிப்பட்ட சொத்து வழக்குகளைப் பார்க்கும் சான்சரி நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. நாவல்களில் திருமணத்துக்கு முன் இரண்டு பக்கத்து வக்கீல்களும் உட்கார்ந்து பேசுவது இதைத்தான். துணி வெளுக்கிறவளுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அறங்காவலர் ஏது? சனிக்கிழமைக் கூலியைக் கணவன் பிடுங்கிக் குடித்தாலும் அது சட்டப்படி அவன் பணமே. 1870 சட்டம் மனைவியின் சம்பாத்தியத்தை அவளுக்கே என்றது. 1882 சட்டம் அவளுடைய முழுச் சொத்துக்கும் உரிமை கொடுத்தது. கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் அவள் ஏன் பொறுத்துப் போகிறாள் என்பது பாதி புரிந்துவிடும்.

கணவன் அடிக்கிறான், வேறு பெண்ணோடு போகிறான். ஏன் விவாகரத்து செய்யவில்லை?

1857 வரை முழு விவாகரத்துக்குப் பாராளுமன்றத்தில் தனியாக ஒரு சட்டமே நிறைவேற்ற வேண்டும். அப்படி விடுதலை வாங்கிய பெண்கள் மொத்தம் 4 பேர். 1857-ல் விவாகரத்துக்கென்று நீதிமன்றம் வந்தது, ஆனால் தராசு சாய்ந்தே இருந்தது. கணவன், மனைவி தவறினாள் என்று மட்டும் காட்டினால் போதும். மனைவியோ அவன் தவறினான் என்பதோடு கொடுமை, கைவிடல், இருதாரம் மாதிரி இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். இது 1923 வரை நீடித்தது. நீதிமன்றமும் லண்டனில். அடிபடும் ஏழை மனைவிக்கு 1878-க்குப் பிறகு உள்ளூர் நீதிபதி பிரிந்து வாழும் உத்தரவு தரலாம், அதுவும் கணவன் கடுமையாகத் தாக்கித் தண்டனை பெற்றிருந்தால். ஆனால் அவள் மறுமணம் செய்ய முடியாது.

மனைவிக்கு மனநோய் என்றாலும் விவாகரத்து கிடைக்காது, 1937 சட்டம் வரும்வரை. டௌன்டனில் பிரபுவின் நடு மகள் ஈடித்தைக் காதலிக்கும் பத்திரிகை ஆசிரியர் கிரெக்சன் இதில் மாட்டிக்கொண்டுதான் ஜெர்மனிக்குப் போகிறார், அங்கேயே கொல்லப்படுகிறார். ஈடித் கர்ப்பமாக நிற்கிறாள். கதாசிரியர் திருப்பத்துக்காகக் கட்டியது என்று தோன்றும், ஆனால் சட்டம் உண்மை.

அம்மா குழந்தைகளை விட்டுவிட்டு எப்படிப் போகிறாள்?

அவள் விடவில்லை, அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். சட்டப்படி பிள்ளைகள் அப்பாவுடையவர்கள். கரோலின் நார்ட்டன் வாழ்க்கையைப் படித்தால் எந்த நாவலும் வேண்டியதில்லை. கவிதையும் நாவலும் எழுதியவர், நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தி, அழகிலும் பேச்சிலும் லண்டன் அறிந்தவர். 1836-ல் கணவர் ஜார்ஜ் நார்ட்டன், அப்போதைய பிரதமர் மெல்போர்ன் பிரபுவோடு கரோலினுக்குத் தொடர்பு என்று நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். அந்த வழக்கில் மனைவி ஒரு தரப்பே இல்லை, வாய் திறந்து மறுக்கக்கூட வழி கிடையாது. ஜூரி வழக்கைத் தள்ளியது. ஆனாலும் மூன்று மகன்களும் கணவர் பிடியில் போய்விட்டார்கள். அவர் எழுதிச் சம்பாதித்த பணத்தின் மீதும் கணவருக்குத்தான் உரிமை.

விடாமல் துண்டுப் பிரசுரங்கள் எழுதி, எம்.பி.க்களைப் பார்த்து, 1839-ல் ஒரு சட்டம் வர அவர் முக்கியக் காரணமானார். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தாய் கேட்டு மனுப் போடலாம், தவறியவள் என்று தீர்ப்பாகாதவரை. கணவர் பிள்ளைகளை ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார், இந்தச் சட்டம் அங்கே செல்லாது. 1842-ல் கடைக்குட்டி வில்லியம் குதிரையிலிருந்து விழுந்து, காயம் முற்றி இறந்தான். அம்மா போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. தான் வாங்கிக் கொடுத்த சட்டத்தின் பலன் தன் வீட்டுக்கு வராமலே போன இந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் நிறைய எடுக்கலாம், எடுக்க வேண்டும்.

கல்யாணமாகாமல் கர்ப்பமானது இரண்டு பேர். ஒருத்தி தப்பிக்கிறாள், இன்னொருத்தி தெருவுக்கு வருகிறாள். ஏன்?

டௌன்டனில் எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம் இது, தொடரே அதை முழுதாகக் கவனித்ததா என்பது சந்தேகம்.

வேலைக்காரப் பெண் எத்தல். போரில் காயம்பட்டு மாளிகையில் தங்கிய மேஜர் பிரையன்ட்டோடு பிடிபட்டதும் அன்றைக்கே வேலை போகிறது, சான்று இல்லாமல். மகன் பிறக்கிறான், மேஜர் போரில் சாகிறார். அவருடைய பெற்றோர் முதலில் அவளை நம்பவில்லை, அப்புறம் பேரனை மட்டும் கேட்கிறார்கள். அவள் மறுக்கிறாள். வேலையில்லாமல் கடைசியில் உடலை விற்க வேண்டி வருகிறது. பிள்ளைக்கு நல்ல சாப்பாடும் படிப்பும் கிடைக்கட்டும் என்று அந்தத் தாத்தா பாட்டியிடமே கொடுத்துவிடுகிறாள்.

பிரபுவின் மகள் ஈடித்துக்கும் அதே நிலைமை. ஆனால் அத்தை ரோசமண்ட் இருக்கிறாள், அத்தையிடம் பணம் இருக்கிறது. பிரெஞ்சு படிக்கப் போவதாகச் சொல்லி ஸ்விட்சர்லாந்தில் பிரசவம் முடிகிறது. குழந்தை மேரிகோல்டை முதலில் அங்கேயே விடுகிறாள், மனசு கேட்காமல் திரும்ப எடுத்து வந்து, தன் அப்பாவின் குத்தகைக்காரர் ட்ரூவின் வீட்டில் வளர்க்கக் கொடுக்கிறாள். பிறகு தன்னிடமே எடுத்துக்கொள்கிறாள். ஈடித்தின் வலி பொய்யில்லை, அந்தக் காட்சிகளில் அழாதவர்கள் குறைவு.

இப்போது திருமதி ட்ரூவைப் பாருங்கள். யார் குழந்தை என்று அவளுக்குச் சொல்லவே இல்லை. தன் பிள்ளையாக நினைத்துச் சோறூட்டி, தூங்கவைத்து வளர்த்தாள். ஒருநாள் சீமாட்டி வந்து உண்மையைச் சொல்லித் தூக்கிக்கொண்டு போகிறாள், இவள் கதறிக்கொண்டு நிற்கிறாள். பின்னால் கால்நடைக் கண்காட்சியில் குழந்தையைப் பார்த்துத் தாங்காமல் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறாள். விளைவு? தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை விட்டு ட்ரூ குடும்பமே வெளியேறுகிறது. ஈடித் கடைசியில் ஒரு மார்க்விஸைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். திருமதி ட்ரூ எங்கே போனாள் என்று தொடர் கேட்கவில்லை. சீமாட்டியின் கதை சுபமாக முடிய ஒரு குடியானவப் பெண்ணின் வீடும் மடியும் காலியாக வேண்டியிருந்தது. எத்தலின் கதையை நினைத்து அழுகிறவர்கள் இவளுக்காகவும் அழ வேண்டும்.

நிஜத்தில் அப்படிப்பட்ட வேலைக்காரப் பெண்கள் என்ன ஆனார்கள்?

1834-ன் ஏழைகள் சட்டம், முறைப்படி பிறக்காத பிள்ளையின் பொறுப்பைத் தாய் தலையில் வைத்தது. அப்பனைத் தேடிப் பிடித்துச் செலவு வாங்கும் பழைய வழியைக் கிட்டத்தட்ட அடைத்தது. இப்படிச் செய்தால் பெண்கள் ஒழுங்காக இருப்பார்கள் என்பது சட்டம் செய்தவர்களின் வாதம். 1844-ல் அவளே நீதிபதியிடம் போய்க் கேட்கலாம் என்று மாறியது. அதற்கும் அவள் சொல்லுக்கு மேல் வேறு சாட்சியம் வேண்டும், கிடைத்தாலும் வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஷில்லிங்.

கையில் குழந்தையோடு வீட்டு வேலை கிடைக்காது. ஒன்று ஏழைகள் விடுதி, அல்லது பணம் வாங்கிக்கொண்டு பிள்ளை வளர்ப்பவர்கள். அப்படி வளர்ப்பதாகச் சொல்லிக் குழந்தைகளைக் கொன்ற அமேலியா டயர் 1896-ல் தூக்கிலிடப்பட்டாள். லண்டனில் தாமஸ் கோரம் 1739-ல் அரச சாசனம் வாங்கித் தொடங்கிய அனாதைக் குழந்தைகள் இல்லம் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் தாய்மார்கள் ஒரு நாணயமோ துணித் துண்டோ அடையாளமாக விட்டுப் போனார்கள், என்றைக்காவது திரும்பி வந்தால் என் பிள்ளை இதுதான் என்று காட்ட. அந்தத் துணிகளில் பல பதிவேட்டில் குத்தியபடியே இன்றைக்கும் இருக்கின்றன. பூப்போட்ட பருத்தி, ஒரு நாடாத் துண்டு. சேர்த்துக்கொண்டதும் குழந்தைக்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் விதி கடுமையானது. முதல் குழந்தையாக இருக்க வேண்டும், தாய் முன்பு நல்ல நடத்தை உள்ளவள் என்று விசாரணையில் தெரிய வேண்டும், அப்பன் கைவிட்டிருக்க வேண்டும்.

தெருவுக்கு வந்த பெண்களைப் போலீஸ் பிடிக்கும் காட்சிகள் வருகின்றனவே, அது என்ன சட்டம்?

1864, 1866, 1869-ல் வந்த தொற்றுநோய்ச் சட்டங்கள். ராணுவ ஊர்களிலும் துறைமுகங்களிலும் விலைமாது என்று சந்தேகப்பட்டாலே போதும், பெண்ணைப் பிடித்துக் கட்டாயப் பரிசோதனை செய்யலாம், மருத்துவமனையில் அடைக்கலாம். அவளிடம் வந்த சிப்பாய்க்குப் பரிசோதனை இல்லை. ஜோசபின் பட்லர் தலைமையில் பெண்கள் எதிர்த்துப் போராடி 1886-ல் ரத்து செய்ய வைத்தார்கள். இதே பெயரில் 1868-ல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் ஒரு சட்டம் போட்டார்கள் என்பது நம்மவர்கள் தெரிந்திருக்க வேண்டியது.

'டெஸ்' கதையில் தவறு யாருடையது? அவளா, அலெக்கா, ஏஞ்சலா?

அவளுடையது இல்லை. கன்னிப் பருவம் தாண்டாத பெண்ணை இருட்டுக் காட்டில் கெடுத்தவன் அலெக். தான் லண்டனில் ஒரு பெண்ணோடு இரண்டு நாள் கழித்ததைச் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டு, அடுத்த நிமிடம் அவள் தன் கதையைச் சொன்னதும் கைவிட்டவன் ஏஞ்சல். அதுவும் கல்யாண ராத்திரி. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் அந்த இரண்டு ஆண்களையே பார்த்துக்கொண்டிருந்தால் கதையின் எலும்பு தெரியாது. எங்கே தொடங்குகிறது? அப்பா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ள, டெஸ் நடு ராத்திரியில் தேன்கூட்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வண்டி ஓட்டுகிறாள். தபால் வண்டி மோதி, குதிரை பிரின்ஸ் சாகிறது. அந்தக் குதிரைதான் குடும்பத்தின் பிழைப்பு. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் பணக்கார 'உறவு' வீட்டுக்கு வேலைக்குப் போகச் சம்மதிக்கிறாள். அந்த வீட்டு மகன்தான் அலெக். அவர்கள் உறவே இல்லை, பணம் சம்பாதித்த வியாபாரி ஒருவர் கௌரவத்துக்காக எடுத்து வைத்துக்கொண்ட பழைய பிரபுக் குடும்பப் பெயர். உண்மையான வாரிசு இந்தக் கோழி மேய்க்கும் பெண்.

முடிவு எங்கே உறுதியாகிறது? அப்பாவின் சாவில். அவர்கள் வீடு மூன்று ஆயுள் குத்தகை. பத்திரத்தில் பெயர் எழுதிய மூன்று பேரில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரைதான் வீடு, அந்தக் கடைசி ஆள் குடிகார ஜான். அவர் இறந்ததும் அம்மாவும் பொடிசுகளும் சட்டி பானை, கட்டில், அலமாரியோடு வண்டியில் ஏறுகிறார்கள். பேசிவைத்த வாடகை அறையும் போய்விடுகிறது. கடைசியில் தங்கள் முன்னோர்கள் கல்லறையில் படுத்திருக்கும் தேவாலயச் சுவரோரம் கட்டிலைப் போட்டு ராத்திரியைக் கழிக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் அலெக் உன் அம்மாவையும் தம்பி தங்கைகளையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். அவள் அவனிடம் போனது ஆசையால் இல்லை, குத்தகை முடிந்ததால். அதற்குப் பிறகு அலெக்கைக் குத்திய கத்தியும், அவள் பிடிபட்ட ஸ்டோன்ஹெஞ்சும், தூக்குமரமும் வரிசையாக வந்துவிடுகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அலெக்கால் அவளுக்குப் பிறந்த குழந்தை சாகக் கிடக்கிறது, பாதிரியாரை உள்ளே விட அப்பா மறுக்கிறார். டெஸ் தூங்குகிற தம்பி தங்கைகளை எழுப்பி, கை கூப்பி நிற்கச் சொல்லி, முகம் கழுவும் பாத்திரத்துத் தண்ணீரைத் தொட்டுத் தானே ஞானஸ்நானம் கொடுக்கிறாள். 'சாரோ', அதாவது துயரம், என்று பெயர். முறைப்படி ஞானஸ்நானம் ஆகாததால் குடிகாரர்களையும் தற்கொலை செய்தவர்களையும் புதைக்கும் காஞ்சொறி மண்டிய மூலையில்தான் இடம். இரண்டு குச்சிகளை நூலால் கட்டிச் சிலுவை செய்து நடுகிறாள், ஒரு மார்மலேட் ஜாடியில் பூ வைக்கிறாள். உலக நாவல்களில் இதற்கு மேல் ஒரு பக்கம் நான் படித்ததில்லை.

ஹார்டிக்கு இந்தக் கதை எங்கிருந்து வந்தது?

ஒரே இடத்திலிருந்து என்று சொல்ல முடியாது. ஆனால் 1856 ஆகஸ்ட் 9 அன்று டார்செஸ்டர் சிறை வாசலில் மார்த்தா பிரவுன் என்ற பெண்ணைத் தூக்கிலிட்டதை 16 வயது ஹார்டி கூட்டத்தில் நின்று பார்த்தார். சாட்டையால் அடித்த கணவனைக் கோடரியால் வெட்டியவள். மழை தூறியது. முகத்தை மூடிய துணி நனைந்து முகம் தெரிந்தது, கறுப்புப் பட்டு கவுன் உடம்போடு ஒட்டியிருந்தது. கிழவரான பிறகும் ஹார்டி அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தான் பார்த்ததைப் பற்றி அவர் வெட்கமும் பட்டார்.

கவர்னஸ் பாத்திரங்கள் ஏன் எப்போதும் தனியாகவே இருக்கிறார்கள்?

கவர்னஸ் என்றால் பணக்கார வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருபவள். படித்த குடும்பத்துப் பெண், ஆனால் சம்பளத்துக்கு வேலை. மேலே எசமானர்களோடு மேசையில் உட்காரவும் முடியாது, கீழே வேலைக்காரர்களோடு சேரவும் முடியாது. சாப்பாடு தட்டில் அறைக்கு வரும். 'ஜேன் ஐர்' நாவலில் நாயகிக்கு ஆண்டுச் சம்பளம் 30 பவுண்டு, அதுவே முந்தைய வேலையைப் போல இரண்டு மடங்கு. வயதான பிறகு என்ன செய்வது என்பதற்குப் பதிலே இல்லை. 1843-ல் கவர்னஸ்களுக்கென்றே ஓர் உதவிச் சங்கம் தொடங்க வேண்டிய அளவுக்கு நிலைமை இருந்தது.

வேலைக்காரியைக் கல்யாணம் செய்துகொண்ட கனவான் நிஜத்தில் உண்டா?

உண்டு, கதையில் வருகிற மாதிரி இல்லை. வழக்கறிஞர் படிப்புப் படித்த, கவிதை எழுதும் ஆர்தர் மன்பியும் வீட்டு வேலை செய்த ஹன்னா கல்விக் என்ற பெண்ணும் 1854-ல் சந்தித்தார்கள். கல்யாணம் 1873-ல், ரகசியமாக. அதன் பிறகும் வெளியாட்கள் முன்னால் அவள் அவருடைய வேலைக்காரிதான். விருந்தாளி வந்தால் தட்டு எடுத்து வைப்பாள். சீமாட்டியாக உடுத்தி நடக்க அவளுக்குப் பிடிக்கவும் இல்லை, தன் உழைப்பில் அவளுக்குப் பெருமை இருந்தது. எத்தனை ஜோடி பூட்ஸ் துடைத்தாள், எந்தப் படிக்கட்டைத் தேய்த்தாள் என்று அவள் எழுதிய நாட்குறிப்புகள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருக்கின்றன, 1950-ல்தான் பெட்டியைத் திறந்தார்கள். அந்தக் காலத்து வேலைக்காரப் பெண் ஒருத்தி தன் கையால் தன் நாளை எழுதியது மிக அபூர்வம். இதை யாராவது பொறுமையாக ஒரு தொடராக எடுத்தால் நன்றாக இருக்கும்.

கோடீஸ்வரப் பெண்களுக்கும் துயரமா?

ஆமாம், அவர்களே சரக்கு. கான்சுவேலோ வாண்டர்பில்ட் 1895-ல் ஒன்பதாவது மார்ல்பரோ டியூக்கைக் கட்டிக்கொண்டாள். ரயில்வே பங்குகளாக 25 லட்சம் டாலர் கைமாறியது. அவள் மனதில் வேறொருவர் இருந்தார். திருமணம் செல்லாது என்று தேவாலயம் 1926-ல் அறிவித்தபோது, நான்தான் கட்டாயப்படுத்தினேன் என்று தாய் ஆல்வாவே சாட்சி சொன்னாள். கோராவின் பாத்திரத்துக்குப் பின்னால் இப்படிப் பல அமெரிக்கப் பெண்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் கான்சுவேலோ பிரிந்து வந்து, மறுமணம் செய்து, நினைவுக் குறிப்பும் எழுதினாள். எத்தலுக்கு அந்த வசதி இல்லை.

தவறிய பெண் கடைசியில் செத்தே ஆக வேண்டுமா? எழுத்தாளர்கள் ஏன் கொன்றுவிடுகிறார்கள்?

பாதி அவர்கள் மனசு, பாதி சந்தை. மூன்று தொகுதி நாவல் ஒன்றின் விலை முப்பத்தொன்றரை ஷில்லிங், சாதாரணக் குடும்பம் வாங்க முடியாது. எல்லோரும் மூடி என்பவருடைய வாடகை நூலகத்தில் சந்தா கட்டிப் படித்தார்கள். இளம்பெண்கள் படிக்கத் தகாதது என்று மூடி நினைத்தால் அந்த நாவல் விற்காது. தவறியவள் பரிசுத்தமாகச் செத்தால் ஏற்றுக்கொள்வார்கள். எலிசபெத் காஸ்கெல் 1853-ல் 'ரூத்' நாவலில் தையல்காரப் பெண் ஒருத்தியின் பக்கம் நின்று எழுதினார். அவளைக் கடைசியில், தன்னைக் கெடுத்தவனுக்கே நோய்ப் பணிவிடை செய்து காய்ச்சலில் சாக விட்டார். அப்படியும் சிலர் அந்தப் புத்தகத்தை எரித்தார்கள்.

'டெஸ்' நாவலை முதலில் மூன்று இடங்களில் மறுத்தார்கள். 1891-ல் 'கிராபிக்' வார இதழில் வருவதற்காக ஹார்டியே வெட்டினார். காட்டுக் காட்சி போய், பொய்க் கல்யாணம் ஒன்று வந்தது. ஞானஸ்நானக் காட்சி போனது. ஏஞ்சல் வெள்ளத்தில் நான்கு பால்காரப் பெண்களைக் கையில் தூக்கிக் கடக்கும் இடத்தில், இதழின் ஆசிரியருக்காகத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும்படி மாற்றினார். புத்தகமாக வரும்போது எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்து, தலைப்புக்குக் கீழே அவளைத் தூய பெண் என்று எழுதினார். அந்த ஒரு சொல்லுக்காக வாங்காத வசவு இல்லை.

பிரசவத்தில் இத்தனை சாவு காட்டுகிறார்களே, மிகையா?

இல்லை. விக்டோரியா காலம் முழுக்க, 1930-கள் வரையில்கூட, இங்கிலாந்தில் ஆயிரம் பிரசவத்துக்கு நாலைந்து தாய்மார்கள் இறந்தார்கள். ஒருத்தி ஏழெட்டுப் பெற்றால் கணக்கைப் பாருங்கள். இதில் மட்டும் பணம் அவ்வளவாகக் காப்பாற்றவில்லை. அரியணை வரிசையில் அப்பாவுக்கு அடுத்திருந்த இளவரசி சார்லட் 1817-ல் இரண்டு நாள் வலிக்குப் பிறகு இறந்தாள், குழந்தையும் பிழைக்கவில்லை. டௌன்டனில் கடைசி மகள் சிபில் பிரசவத்தில் இறக்கும்போது இரண்டு மருத்துவர்களும் அப்பாவும் அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று யார் சொல்வது சரி என்று வாதாடுகிறார்கள். அது நிஜத்துக்கு மிக நெருக்கமான காட்சி.

இந்தத் தொடர்கள் எதைத் தவறாகக் காட்டுகின்றன?

வேலையை. 1891-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் வீட்டு வேலையில் இருந்தார்கள். பெரும்பாலோர் மாளிகையில் கூட்டத்தோடு சிரித்துப் பேசிக்கொண்டு இல்லை, கடைக்காரர், குமாஸ்தா வீடுகளில் ஒற்றை ஆளாக இருந்தார்கள். விடிவதற்கு முன் எழுந்து அடுப்புச் சாம்பல் அள்ளி, இரும்புக்குக் கறுப்புப் பூசி, நிலக்கரி சுமந்து, குளிக்க வெந்நீர் வாளி வாளியாக மாடி ஏற்றி, அழுக்குத் தண்ணீரைத் திரும்ப இறக்க வேண்டும். பெரும்பாலும் ஆண் நண்பர்கள் கூடாது என்பது நிபந்தனை. சான்று கொடுக்க எசமானிக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது. பொய்ச் சான்று காட்டினால் 1792 சட்டப்படி குற்றம். பிரபு எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிக்கும் காட்சிகள் இனிமையாக இருக்கின்றன, நான் அவற்றை அவ்வளவாக நம்புவதில்லை.

இங்கிலாந்துக்கு வெளியே இப்படிப்பட்ட கதைகள்?

ஒன்றே ஒன்று சொல்கிறேன். கென்ஜி மிசோகுச்சி 1952-ல் எடுத்த ஜப்பானியப் படம், 'ஓஹாருவின் வாழ்க்கை'. ஜப்பானிய எழுத்தாளர் சைகாக்கு 1686-ல் எழுதிய கதையிலிருந்து வந்தது. அரண்மனைப் பணிப்பெண் தகுதியில் குறைந்த ஒருவனைக் காதலிக்கிறாள், அவன் தலை போகிறது, அவள் குடும்பம் கியோட்டோவை விட்டுத் துரத்தப்படுகிறது. பிறகு ஒரு பிரபுவுக்கு வாரிசு பெற்றுக் கொடுத்ததும் திருப்பி அனுப்பப்படுகிறாள், கடன்பட்ட அப்பா அவளைப் பொது மகளிர் வீதிக்கு விற்கிறார். பெற்ற மகன் பெரிய பிரபுவாகி நடந்து போகும்போது தூரத்திலிருந்து பார்க்க மட்டும் விடுகிறார்கள். கினுயோ தனாகா நடிப்புக்காகவே பார்க்க வேண்டும்.

எதிலிருந்து தொடங்கலாம்? வீட்டில் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

டௌன்டனின் முதல் மூன்று சீசன்களைப் பதின்வயதுப் பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். பாதியில் நிறுத்தி, இந்த வீடு ஏன் மூத்த மகள் மேரிக்கு இல்லை, எத்தல் போலீசுக்கோ கோர்ட்டுக்கோ ஏன் போகவில்லை என்று கேட்டால் நல்ல பேச்சு வரும். பிபிசி 2008-ல் எடுத்த 'டெஸ்' நான்கு பகுதிகள். அதைப் பதினைந்து பதினாறு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், கூட உட்கார்ந்து பாருங்கள். அந்தக் காட்டுக் காட்சியைப் பற்றிப் பேசாமல் அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம். நாவல் படிக்க ஆங்கிலம் சிரமமாக இருந்தால் தொடரைப் பார்த்துவிட்டுப் படிப்பதில் தப்பே இல்லை, கதை தெரிந்திருந்தால் ஹார்டியின் நீண்ட வர்ணனைகள் சுலபமாகும். ஓஹாருவைக் கடைசியில் வையுங்கள். கறுப்பு வெள்ளை, மெதுவான படம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும்.